தம் அடிப்பதும் தம் கட்டுவதும்

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 33 வயது. கீழக்கரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊர். சங்கு குளிக்கிற தொழில். சங்கு இல்லாத மாதங்களில் கரிமூட்டத்துக்குப் போவேன். 19 வயதில் கஞ்சா பழகியது. இப்போது ஒரு நாளைக்கு மூன்று. சிகரெட் தூளோடு கலந்துதான். குளிர் தெரியாமல் இருக்க, கடலில் இறங்குவதற்கு முன் ஒன்று கட்டாயம். முன்பெல்லாம் எட்டுப் பாகத்தில், அதாவது ஐம்பது அடிக்குப் பக்கத்தில் இறங்கினால் நாலைந்து சங்கு பொறுக்கிக்கொண்டுதான் மேலே வருவேன். இப்போது ஒன்று கையில் பட்டதுமே மூச்சு முட்டுகிறது. இரண்டு மாதமாகக் காலையில் கட்டிச் சளி வருகிறது. ஆஸ்பத்திரியில் ஊதவைத்துப் பார்த்து நார்மல் என்றார்கள். கஞ்சாவைச் சொல்லவில்லை, பீடி மட்டும் என்று சொன்னேன். கூட்டாளி ஒருவன், ‘அமெரிக்காவில் இருபது வருசம் ஆராய்ச்சி செய்து, கஞ்சாவால் நுரையீரலுக்கு ஒன்றும் ஆகாது, விரியத்தான் செய்யும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்று போனில் காட்டினான். உண்மையா? இப்போது கம்ப்ரசர் வைத்து, குழாய் வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு குளிக்கக் கூப்பிடுகிறார்கள். போகலாமா? பெயர் வேண்டாம்.

பதில்:

தம்பி, உங்கள் கூட்டாளி காட்டியது பொய்ச் செய்தி இல்லை. அப்படி ஓர் ஆராய்ச்சி நடந்தது, முடிவும் ஏறக்குறைய அவர் சொன்ன மாதிரிதான் வந்தது. ஆனால் அதில் உங்களைப் போன்ற ஆட்கள் அநேகமாக இல்லை.

1985-இல் பர்மிங்காம், சிகாகோ, மினியாபொலிஸ், ஓக்லண்ட் என்று நான்கு ஊர்களில், 18 முதல் 30 வயதுக்குள் இருந்த 5,115 பேரைச் சேர்த்தார்கள். இதய நோய்க்காகத் தொடங்கிய ஆராய்ச்சி. நுரையீரல் அதில் ஒரு பகுதி. இருபது வருடம் விடாமல் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு ஊதவைத்தார்கள். 2012-இல் முடிவு வெளியானது. சிகரெட் பிடித்தவர்களுக்கு ஊதும் திறன் சரிந்திருந்தது. எப்போதாவது கஞ்சா பிடித்தவர்களுக்குச் சரியவில்லை, ஒரு துளி கூடவே இருந்தது. செய்தியாகப் பரவியது இவ்வளவுதான்.

அந்த ஆராய்ச்சியில் கஞ்சாவை அளக்க ஒரு படி வைத்திருந்தார்கள். தினம் ஒன்று வீதம் ஒரு வருடம் பிடித்தால் ஒரு படி என்று கணக்கு. ஏழு படி வரைக்கும் சேதம் தெரியவில்லை. அதற்கும் மேலே நிறையப் பிடித்தவர்களிடம் எண்கள் கீழே இறங்கும் போக்கு தெரிந்தது. ஆனால் அப்படிப்பட்டவர்கள் கைவிட்டு எண்ணுகிற அளவில்தான் இருந்ததால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அந்தக் கூட்டத்தில் கஞ்சா பிடித்தவர்களில் பெரும்பாலோர் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை பிடிக்கிறவர்கள். சரி, இப்போது உங்கள் கணக்கைப் போடுவோம். 14 வருடம், தினம் மூன்று. தொடக்கத்திலிருந்தே மூன்று என்று வைத்தால் 42 படி. இரண்டு பேர் மாற்றி மாற்றி இழுத்தீர்கள் என்று பாதியாக்கினாலும் 21. ஏழு எங்கே இருக்கிறது, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

இன்னொன்று, அவர்கள் எண்ணியது கஞ்சா மட்டும் அடைத்த சுருளை. நம் கரையில் அது எப்படிச் சுருட்டப்படுகிறது என்று ஒரு மருத்துவ முகாமுக்குப் போனபோது பக்கத்திலிருந்தே பார்த்தேன். கரையில் ஏற்றியிருந்த வள்ளத்தின் நிழலில் ஒரு பையன். டாக்டர் என்று தெரியாமல் தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தான். சிகரெட்டை உருட்டி உருட்டித் தூளை உள்ளங்கையில் கொட்டினான். பொட்டலத்தைப் பிரித்து விதையைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியைப் பெருவிரலால் தூளோடு வைத்துக் கசக்கினான். திரும்ப அதே குழலில் அடைத்தான். கடைசியாக, அடியில் இருந்த பஞ்சைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பிவிட்டு, பழைய பஸ் டிக்கெட் ஒன்றைச் சுருட்டிச் செருகினான். ஐந்து நிமிட வேலை. அதில் பாதி புகையிலை. இருந்த ஒரே வடிகட்டியும் மணலில். ஆகவே நீங்கள் பிடிப்பது கஞ்சாவும்தான், பஞ்சில்லாத சிகரெட்டும்தான். அமெரிக்கக் கணக்கில் ‘கஞ்சா மட்டும்’ என்ற பத்தியில் உங்களை எழுதவே முடியாது.

அடுத்தது இழுக்கிற விதம். நம் பேச்சில் புகை பிடிப்பதைத் தம் அடிப்பது என்கிறோம், மூச்சை நிறுத்திப் பிடிப்பதைத் தம் கட்டுவது என்கிறோம். கஞ்சா பிடிக்கிறவர் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறார். 1988-இல் லாஸ் ஏஞ்சலிஸில், இரண்டும் பிடிக்கும் பழக்கமுள்ள 15 பேரை உட்காரவைத்து அளந்து பார்த்தார்கள். ஒரே ஆள், சிகரெட்டை விடக் கஞ்சாவை மூன்றில் இரண்டு பங்கு கூடுதலான அளவில் இழுத்தார். இன்னும் ஆழமாக இழுத்தார். நான்கு மடங்கு நேரம் உள்ளே நிறுத்தினார். விளைவு, உள்ளே போன தார் சுமார் மூன்று மடங்கு, ரத்தத்தில் கூடிய கார்பன் மோனாக்சைடு சுமார் ஐந்து மடங்கு. சாதாரண ஆட்களுக்கே இப்படி. நீங்கள் தம் கட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவர்! எட்டுப் பாகம் இறங்கி ஏறுகிற அந்தப் பயிற்சியைப் புகைக்கும் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. குறைவாக இருக்க வழியில்லை.

கார்பன் மோனாக்சைடை நான் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரவேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். சுலபத்தில் எழுந்திருக்காது, பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரம் ஆகும். வள்ளத்தில் ஒன்றைப் பிடித்துவிட்டு இறங்கினால், டேங்கை முழுதாக நிரப்பாமல் வண்டி எடுத்த கதைதான். போதாததற்குக் கஞ்சா இதயத்தை வேகமாக அடிக்கவைக்கும். வேகமாக அடிக்கிற இதயம் ஆக்சிஜனையும் வேகமாகத் தின்னும். ஒரு சங்கு கையில் பட்டதுமே மேலே வரவேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம். இந்தப் பங்கு விட்டால் ஒரே நாளில் சரியாகிவிடும். விடாவிட்டால் இன்னொரு ஆபத்து. மேலே வருகிற கடைசி இரண்டு பாகத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நினைவு தப்புவதுண்டு. தண்ணீருக்குள் நினைவு தப்பினால் என்ன ஆகும் என்று கடல்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், ஊதினால் நார்மல் என்ற விஷயம்.

ஊதும் கருவி உங்கள் வயது, உயரம் எல்லாம் வைத்து, இவ்வளவு இருக்கவேண்டும் என்று ஒரு சராசரியை எடுத்துக்கொள்ளும். அதில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஊதினால் பொதுவாக நார்மல் என்று எழுதிவிடுவோம். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அது பொருந்தும். வருடக்கணக்கில் சங்கு குளித்தவரின் நுரையீரல் தொடக்கத்திலேயே சராசரியை விடப் பெரிதாக இருந்திருக்கும். நூற்றுப் பதினைந்தில் இருந்தவர் தொண்ணூறுக்கு இறங்கினாலும் சீட்டில் நார்மல்தான் வரும். உங்கள் பழைய அளவு எங்கேயும் எழுதி இல்லை. கடலுக்கு அடியில் உங்களுக்குக் குறைந்தது தெரிகிறது, கருவிக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் கருவியை விட உங்கள் சங்குக் கணக்கைத்தான் நம்புவேன்.

‘விரியத்தான் செய்யும்’ என்பதும் பாதி உண்மை. நியூசிலாந்தில் டனீடன் என்ற ஊரில் 1972-73-இல் பிறந்த 1,037 குழந்தைகளை இன்று வரை பின்தொடர்ந்து வருகிறார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி அது. ஆளை விடாமல் பிடித்துவைத்திருக்கிறார்கள். அங்கேயும் கஞ்சா பிடித்தவர்களின் நுரையீரல் கொள்ளளவு கூடியிருந்தது. ஆனால் கூடவே காற்றுக் குழாய்களின் அடைப்பும் கூடியிருந்தது. 45 வயதில் பார்த்தபோது, காற்றிலிருந்து ரத்தத்துக்கு வாயு மாறும் திறனும் குறைந்திருந்தது. உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராமல் தங்கிவிட்டாலும் நுரையீரல் பெரிதாகத்தான் தெரியும். கடைக்காரர் சரக்கு விற்காமல் தேங்கிக் கிடப்பதைக் காட்டி, குடோன் நிறைந்திருக்கிறது என்று பெருமைப்பட்டால் எப்படி?

உங்களுக்கு வரும் சளியைப் பற்றி ஆராய்ச்சிகளுக்குள் சண்டையே இல்லை. நாள்பட்ட இருமல், சளி, இளைப்பு ஆகிய மூன்றையும் கஞ்சாப் புகை தரும். அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிகள் 2017-இல் கிடைத்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டிப் பார்த்து இதைத்தான் உறுதியாகச் சொன்னார்கள். கலிபோர்னியாவில் டொனால்ட் டாஷ்கின் என்ற நெஞ்சக மருத்துவரும் அவர் குழுவும் கஞ்சா பிடிப்பவர்களின் காற்றுக் குழாய்க்குள் கருவியை விட்டுச் சிறு துணுக்குகள் எடுத்துப் பார்த்தார்கள். குழாயின் உள்பக்கம் மயிரிழை போன்ற துடுப்புகள் இருக்கும். தூசியையும் சளியையும் மேலே தள்ளுவது அவைதான். அவை உதிர்ந்து, அந்த இடத்தில் சளி சுரக்கும் செல்கள் பெருகியிருந்தன. இருமலே இல்லாதவர்களிடமும் அப்படித்தான். தள்ளுகிற ஆள் குறைந்து, சுரக்கிற ஆள் கூடினால் இரவெல்லாம் தேங்கியது காலையில் கட்டியாகத்தானே வரும்?

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1893-இல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் கஞ்சா, பங்கி (இலை), சரஸ் (பிசின்) எல்லாவற்றையும் விசாரிக்க ஒரு கமிஷன் போட்டது. 1,193 பேரைச் சாட்சி கேட்டார்கள். கஞ்சா மீது மக்கள் சொன்ன பல பழிகளை அந்தக் கமிஷன் ஏற்கவில்லை. அளவோடு இருந்தால் உடலுக்குக் கேடில்லை என்றுகூட எழுதியது. அப்படித் தாராளமாக எழுதியவர்களே, மிதமிஞ்சிப் பிடித்தால் உள்ளே இழுக்கிற புகையால் மூச்சுக்குழாய் அழற்சி வரலாம் என்பதை ஒத்துக்கொண்டார்கள்.

புற்றுநோய் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். இதில் மட்டும் உங்களைப் பயமுறுத்த எனக்குக் கையில் ஆயுதம் போதாது. டாஷ்கின் குழுவினரே லாஸ் ஏஞ்சலிஸில் தேடிப் பார்த்து, 2006-இல் தொடர்பு தெரியவில்லை என்றார்கள். ஸ்வீடனில் 1969-70-இல் ராணுவத்துக்கு எடுத்த 49,321 இளைஞர்களை நாற்பது வருடம் கழித்துப் பார்த்தபோது, ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பிடித்ததாகச் சொன்னவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் இரண்டு மடங்கு இருந்தது. ஆனால் அவர்களைக் கேள்வி கேட்டது சேர்ந்த அன்றைக்கு ஒரே ஒரு தடவைதான். பிறகு நாற்பது வருடம் யார் எவ்வளவு சிகரெட் பிடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆகக் கஞ்சாவின் பங்கு இன்னும் முடிவாகாத வழக்கு. புகையிலையின் பங்கு எப்போதோ தீர்ப்பான வழக்கு. உங்கள் சுருளில் இரண்டும் இருக்கிறது.

இந்த ஆராய்ச்சிகள் ஏன் இப்படி இழுபறியாகவே இருக்கின்றன தெரியுமா? நீங்கள் ஆஸ்பத்திரியில் செய்ததைத்தான் உலகமெல்லாம் செய்கிறார்கள். சட்டத்துக்குப் பயந்து, வீட்டுக்குப் பயந்து, பீடி மட்டும் என்கிறார்கள். பொட்டலத்துக்குப் பொட்டலம் சரக்கு வேறு. எவ்வளவு பிடித்தோம் என்று நினைவில்லை. கூடவே புகையிலை. உங்களுக்கு இன்னும் ஒன்று கூடுதல், கருவேலங் கரிமூட்டத்துப் புகை. மூட்டத்தைத் திறக்கிற அன்றைக்கு முகத்தில் அடிக்கிற புகையும் அதே குழாயில்தான் போகிறது. இந்த மூன்று புகையையும் சேர்த்துப் பிடிக்கிற ஒரு ராமநாதபுரத்துக்காரரைப் பற்றிச் சிகாகோ ஆராய்ச்சி எதுவும் சொல்லாது. உங்கள் ஓ.பி. சீட்டில் ‘பீடி’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இங்குள்ள டாக்டராலும் எதுவும் சொல்ல முடியாது. நார்மல் என்று அனுப்பியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குக் கிடைத்த தகவலுக்கு அவர் சொன்னது சரிதான்.

உண்மையைச் சொல்லுங்கள். நோயாளி சொல்வதை வெளியே விடக்கூடாது என்பது எங்கள் தொழில் நெறி. 1985-ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்திலேயே, பழக்கத்துக்கு ஆளானவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற இடத்திலோ சிகிச்சை எடுத்து முடித்தால், தான் பிடித்ததற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கை எதிர்கொள்வதிலிருந்து விலக்கு பெற 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. விற்பவருக்கு அது கிடையாது.

கம்ப்ரசர் விஷயத்துக்கு வருகிறேன். இப்போதைக்கு வேண்டாம். தம் கட்டி இறங்கும்போது, மேலே நிரப்பிய காற்றுதான் ஆழத்தில் சுருங்கித் திரும்ப மேலே வரும்போது பழைய அளவுக்கு விரிகிறது. கம்ப்ரசர் குழாயில் ஆழத்தில் இருந்தபடியே மூச்சு வாங்கினால், அந்த ஆழத்து அழுத்தத்தில் நுரையீரல் நிறையக் காற்று இருக்கும். ஐந்தரைப் பாகம் என்பது பத்து மீட்டர். அங்கிருந்து மேலே வருவதற்குள் அந்தக் காற்று இரண்டு மடங்காகும். வழி திறந்திருந்தால் வெளியே போய்விடும். சளிக் கட்டி ஒரு சின்னக் குழாயை அடைத்திருந்தால்? கஞ்சா நிறையப் பிடித்த சில இளைஞர்களுக்கு நுரையீரலின் மேல்நுனியில் கொப்புளம் மாதிரிக் காற்றுப் பைகள் இருப்பதையும் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். கஞ்சாவால்தான் வந்தது என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனால் அப்படி ஒன்று உள்ளே இருந்தால், மேலே வரும் வழியில் வெடிக்கலாம். காற்று ரத்தத்துக்குள் புகுந்து மூளைக்குப் போனால் கரை சேருமுன் முடிந்துவிடலாம். இரண்டு மாதச் சளியோடு யாரையும் நான் கம்ப்ரசரில் இறங்க விடமாட்டேன், கஞ்சா பிடிக்காதவராக இருந்தாலும். எக்ஸ்ரே எடுத்து, டாக்டர் கேட்டால் சி.டி.யும் எடுத்து, பிறகு பேசலாம். கீழக்கரையிலிருந்து கல்கத்தா வளையலுக்குப் போகிற சங்கு அதுவரை கடலிலேயே கிடக்கட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. நம் ஊரில் இரண்டு வாரத்துக்கு மேல் சளி என்றால் முதலில் காசநோயா என்று பார்க்கவேண்டும். கஞ்சாதான் காரணம் என்று நானே முடிவுகட்டிவிட்டால் அது பெரிய தப்பு. ஒரே சுருளைக் கைமாற்றி, மூடிய அறையில் நெருங்கி உட்கார்ந்து பிடிக்கிறவர்களுக்குள் காசநோய் பரவுவதும் உண்டு. சரக்கின் யோக்கியதை வேறு இருக்கிறது. கடல்வழியாகக் கடத்துவதற்காக மூட்டை மூட்டையாக வந்து, நனைந்து, புதைத்து வைத்து, காய்ந்து கைக்கு வருகிற இலையில் பூஞ்சணம் இல்லாமல் இருக்குமா? பற்றவைத்தால் பூஞ்சணம் முழுதும் செத்துவிடாது. காசநோய் வந்து ஆறிய தழும்புக் குழி நுரையீரலில் இருந்தால் அங்கே போய்க் குடியேறலாம்.

விடுவதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. ஆனால் கடிதம் எழுதியதே அதற்குத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். டனீடனில் விட்டவர்களைப் பார்த்தார்கள். அவர்களுடைய இருமலும் சளியும் இளைப்பும், பிடிக்காதவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தன. புகையிலையை விட்டவர்களுக்குக்கூட நான் இவ்வளவு தைரியமாக வாக்குக் கொடுப்பதில்லை. முதல் வாரம் கஷ்டம். தூக்கம் வராது, வந்தால் கண்டபடி கனவு வரும், சோறு இறங்காது, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவீர்கள். வீட்டுக்காரம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். இதற்கென்று தனி மாத்திரை இல்லை. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மனநலப் பிரிவில் உதவுவார்கள். ஒரு பொறி உண்டு: கஞ்சாவை மட்டும் விட்டு, அந்த இடத்தைப் பீடியால் நிரப்புவது. உங்கள் சுருளில் பாதி புகையிலை என்பதால் உடம்பு நிக்கோட்டினையும் கேட்கும். இரண்டையும் ஒரே நாளில் நிறுத்துங்கள், நிக்கோட்டின் சூயிங்கம் கேட்டு வாங்குங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 14446 போதை மீட்பு உதவி எண், 14416 மனநல எண், இரண்டும் இலவசம். எல்லாவற்றையும் இப்போதே விட முடியாது என்று தோன்றினால், கடலில் இறங்குகிற நாளில் மட்டுமாவது வள்ளத்தில் பிடிக்காதீர்கள். குளிருக்கு ஒரு தடிமனான பனியனும் கரையில் சூடாக ஒரு கட்டஞ்சாயாவும் போதும்.

சளியில் ரத்தம், உடம்பு மெலிவது, மாலையில் காய்ச்சல், திடீரென ஒரு பக்கம் நெஞ்சு குத்தி மூச்சுத் திணறுவது, இதில் எது வந்தாலும் பதிலுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். எதுவும் இல்லையென்றால் இந்த வாரத்துக்குள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சளிப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. டப்பாவை முந்தின நாளே வாங்கி வையுங்கள். காலையில் எழுந்ததும், வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, ஆழத்திலிருந்து வரும் முதல் சளிதான் வேண்டும், எச்சில் வேண்டாம். டப்பாவைக் கொடுக்கும்போது சீட்டில் பீடிக்குப் பக்கத்தில் கஞ்சா 14 வருடம், தினம் மூன்று, கரிமூட்டம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.